சிக்னல்ஸிலிருந்து சர்வர் அறைக்கு

இந்திய ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் படை 1911 பிப்ரவரி 15 அன்று தொடங்கப்பட்டது. தந்தியை நம்பிச் செய்தி அனுப்பிய அந்தப் படையின் வீரர்கள் இன்று ஃபைபர் கேபிள், செயற்கைக்கோள் இணைப்பு, ரவுட்டர், சர்வர், குறியாக்கக் கருவி ஆகியவற்றோடு வேலை செய்கிறார்கள். விமானப்படை 2010-இல் ஏஎஃப்நெட் என்ற சொந்த ஃபைபர் வலையமைப்பைத் தொடங்கியது. முப்படைகளுக்கென்றே நாடு முழுவதும் சுமார் 60,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஃபைபர் பதிக்கும் பணி பிஎஸ்என்எல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. போர்க்கப்பலில் ராடாரும் சோனாரும் ஆயுதக் கட்டுப்பாடும் கணினி வழியாகவே ஒன்றோடொன்று பேசுகின்றன.

இவற்றை இயக்குவதற்கென்று முறையான பயிற்சி பெற்ற பெரும் கூட்டம் படைகளில் உண்டு. சிக்னல்ஸ் வீரர்களுக்கு ஜபல்பூரிலும் கோவாவிலும் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. அதிகாரிகள் மோவ் நகரிலுள்ள ராணுவத் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரியில் படிக்கிறார்கள். விமானப்படையின் தொழில்நுட்பக் கல்லூரி பெங்களூரு ஜாலஹள்ளியிலும், கடற்படையின் மின்பொறியியல் பயிற்சித் தளமான ஐஎன்எஸ் வல்சுரா ஜாம்நகரிலும் உள்ளன. நாட்டின் செலவில் தேர்ச்சி பெற்ற இந்தத் தொழில்நுட்பர்கள் பணிக்காலம் முடிந்து ஊர் திரும்பும்போது அந்தத் திறமை என்ன ஆகிறது என்பது தமிழகத்துக்கும் நெருக்கமான கேள்வி. வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டையைப் போல, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் இங்கே பல.

முப்படைகளிலிருந்தும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் ஓய்வு பெறுகிறார்கள். அவர்களுக்குப் பழக்கமான அடுத்த வேலை காவலர் பணி. தமிழக அரசு 1986-இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் ஆயிரக்கணக்கான முன்னாள் படைவீரர்களுக்கு அந்தப் பணியைப் பெற்றுத் தந்திருக்கிறது. அது மதிப்புக்குரிய வேலை. பல குடும்பங்களைத் தாங்கி நிற்பதும் அதுவே. ஆனால் 15 ஆண்டுகள் மலை முகட்டில் தகவல் இணைப்பு அறுபடாமல் காத்த ஒரு தொழில்நுட்பர், வேறு வழி தெரியாத ஒரே காரணத்தால் வாசலில் பதிவேட்டோடு உட்கார நேர்ந்தால், அது அவருக்கும் இழப்பு, நாட்டுக்கும் இழப்பு. அந்த வேறு வழி இருக்கிறது. அதற்கான ஆயத்தத்தைப் பணியில் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாமல் போகிறது.

யார், எந்த வயதில் வெளியே வருகிறார்கள்

சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டு பணி முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். பதவி உயர உயரப் பணிக்காலம் நீளும். 2022-க்கு முன்பு விமானப்படையில் சேர்ந்த வீரர்களின் முதல் பணி ஒப்பந்தம் 20 ஆண்டுகள். 18, 19 வயதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் 35 முதல் 45 வயதுக்குள் ‘பென்ஷன் வந்து’விடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் காலம், வீட்டுக்கடன் பாதி நிற்கும் காலம் அது. உழைக்க இன்னும் இருபது ஆண்டுகள் மிச்சமிருக்கும்.

குறுகியகால அதிகாரிகளின் நிலைமை வேறு. அவர்கள் 10 ஆண்டுகளில், நீட்டிப்புப் பெற்றால் 14 ஆண்டுகளில், வெளியேறுகிறார்கள். பெரும்பாலோர் பட்டதாரிகள், பலர் பொறியாளர்கள். ஆனால் ஓய்வூதியம் கிடையாது.

மூன்றாவது பிரிவு அக்னிவீரர்கள். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்வோருக்குப் பணிக்காலம் 4 ஆண்டுகள். அவர்களில் 25 சதவீதம் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு, இருபதுகளின் முற்பாதியிலேயே வீடு திரும்புவார்கள். ஓய்வூதியம் இல்லை. வயது மட்டும் கல்லூரி முடித்து ஐடி வேலை தேடுபவரின் வயதை ஒட்டியே இருக்கும்.

கையோடு வரும் திறமை

படைத் தொழில்நுட்பருக்குச் சிவில் ஐடி உலகம் முற்றிலும் புதியது அல்ல. ஐபி முகவரி, ரவுட்டிங், சுவிட்சிங், ஃபைபர் இணைப்பு, மின்காப்பு ஏற்பாடு ஆகியவை எங்கும் ஒன்றே. பாதுகாப்பு அமைச்சகம் 2023-இல் உபுண்டு லினக்ஸ் அடிப்படையிலான மாயா என்ற இயங்குதளத்துக்கு மாறத் தொடங்கியது. லினக்ஸில் பழகிய கை, கிளவுட் சர்வரிலும் அப்படியே உதவும். உலகின் பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸில் ஓடுபவைதாம்.

கருவி அறிவைவிட மதிப்பு மிக்கது வேலைப் பழக்கம். இணைப்பு அறுந்தால் யாரிடம் முதலில் சொல்வது, எந்த மாற்று வழிக்கு மாறுவது, நேர வாரியாக எதைப் பதிவு செய்வது என்பதெல்லாம் படையில் அன்றாட ஒழுங்கு. சாவியையும் கடவுச்சொல்லையும் கையெழுத்திட்டு ஒப்படைக்காமல் பணி மாறுவதில்லை. இரவுப் பணியும் பண்டிகை நாள் பணியும் புதியவை அல்ல. பறந்து முடித்ததும் தவறுகளை எல்லோர் முன்னிலையிலும் அலசும் வழக்கம் விமானப்படையில் வேரூன்றியது. பெரிய ஐடி நிறுவனங்களும் ஒவ்வொரு கோளாறுக்குப் பிறகும் அதே அலசலைச் செய்கின்றன. இப்படிப்பட்ட பழக்கங்களை ஒரு புதிய பட்டதாரியிடம் உண்டாக்க நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

விடுபட்டிருக்கும் திறமை

ராணுவ வலையமைப்புகள் பாதுகாப்புக்காக வெளி இணையத்திலிருந்து துண்டித்து வைக்கப்படுகின்றன. ஆகவே அங்கே பணியாற்றியவருக்குப் பொது கிளவுட் சேவைகளில் அனுபவம் குறைவு. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகியவற்றின் கிளவுட் இல்லாமல் இன்றைய நிறுவனம் ஒன்றைக் காண்பது அரிது. இது முதல் இடைவெளி.

இரண்டாவது, நிரல் எழுதுதல். முன்பு ஒவ்வொரு ரவுட்டராகக் கட்டளை தட்டிச் செய்த வேலையை இன்று பைத்தான் நிரல் ஒரே நேரத்தில் நூறு ரவுட்டர்களில் செய்து முடிக்கிறது. நெட்வொர்க் வேலைக்குப் போகிறவர் மென்பொருள் வல்லுநராக வேண்டியதில்லை. ஆனால் 50 வரி நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளவும் சிறிய மாற்றம் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கருவிகளின் வயது. படையில் ஒரு கருவி வாங்கப்பட்டால் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடும். சிவில் உலகில் மூன்று நான்கு ஆண்டுகளில் எல்லாம் மாறிவிடும். கற்றதை மறந்து புதிதாகக் கற்பதே அங்கே வேலையின் ஒரு பகுதி.

பட்டமும் சான்றிதழும்

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு 15 ஆண்டு பணி முடித்த வீரரை, பட்டப்படிப்பு கேட்கப்படும் மத்திய அரசின் குரூப் சி பணிகள் பலவற்றுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதலாம் என்று விதி உண்டு. தொழில்நுட்பக் கல்வி தேவைப்படும் பதவிகளுக்கு அது பொருந்தாது. தனியார் ஐடி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. இந்த விதியை நம்பிப் பட்டம் படிக்காமல் விட்டவர்கள், விண்ணப்பத்தை வடிகட்டும் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஆகவே பணியில் இருக்கும்போதே அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ ஒரு பட்டம் முடித்துவிடுவது பயன் தரும்.

இக்னோ பல்கலைக்கழகம் முன்பே பல வீரர்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. அக்னிவீரர்களுக்கென்று அறிவிக்கப்பட்ட மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் பாதி மதிப்பெண் புள்ளிகள் படைப் பயிற்சிக்கே வழங்கப்படுகின்றன. ஐடி துறையை நேரடியாகக் குறிவைப்பவர்களுக்கு, சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் இளநிலைப் படிப்பு நல்ல வாய்ப்பு. ஜேஇஇ தேர்வு வேண்டாம், வயது வரம்பு இல்லை. தகுதித் தேர்வில் தேறினால் போதும். அடிப்படைக் கட்டத்தோடு நிறுத்தினால் சான்றிதழ், அடுத்த கட்டத்தில் டிப்ளமோ, முழுவதும் முடித்தால் பட்டம். பணியிட மாற்றத்துக்கு நடுவிலும் படிப்பவருக்கு இந்தப் படிநிலை ஏற்றது.

பட்டத்துக்கு அடுத்து, அனுபவத்தை நிறுவனங்களுக்குப் புரிய வைப்பது தொழில் சான்றிதழ். நெட்வொர்க் பக்கம் போகிறவருக்கு சிஸ்கோவின் சிசிஎன்ஏ நல்ல தொடக்கம். அதை எழுத முன்தகுதி எதுவும் தேவையில்லை. பணியில் செய்த வேலையில் பெரும்பகுதி அதன் பாடத்திட்டத்திலேயே வரும். பாதுகாப்புப் பக்கம் போகிறவருக்கு காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ், லினக்ஸ் நிர்வாகத்துக்கு ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ, கிளவுடுக்கு அமேசானின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் முதல்நிலைத் தேர்வு ஆகியவை பரவலாக மதிக்கப்படுகின்றன. சிஐஎஸ்எஸ்பி என்ற உயர்நிலைச் சான்றிதழுக்கு அதன் எட்டுத் துறைகளில் குறைந்தது இரண்டில் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். தகவல் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த அதிகாரிக்கும், ஜேசிஓ எனப்படும் இளநிலை ஆணைய அதிகாரிக்கும் அந்த அனுபவம் ஏற்கெனவே கையில் இருக்கக்கூடும். இவற்றில் பலவும் மூன்றாண்டுகளில் காலாவதியாகும். எனவே வெளியேறுவதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுக்குள் எழுதுவதே கணக்குக்குச் சரி.

எந்த வேலைகள் பொருந்தும்

படை அனுபவத்துக்கு மிக நெருக்கமானது நெட்வொர்க் இயக்க மையம். பெரிய நிறுவனங்களின் இணைப்புகளைத் திரையில் கண்காணித்து, கோளாறு வந்தால் சரிசெய்யும் இடம் அது. சிக்னல் சென்டரில் பணியாற்றியவருக்கு அதன் நடைமுறை முதல் வாரத்திலேயே பிடிபடும். டேட்டா சென்டர் இயக்கமும் அப்படியே. கடலடி கேபிள்கள் கரையேறும் சென்னையில், அம்பத்தூர், சிறுசேரி போன்ற இடங்களில் பெரிய டேட்டா சென்டர்கள் இயங்குகின்றன. மின்சாரம், குளிரூட்டல், நுழைவுக் கட்டுப்பாடு, சர்வர் பராமரிப்பு ஆகிய நான்கையும் ஒருசேரப் பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே தேவை. கப்பலிலும் ராடார் நிலையத்திலும் வேலை பார்த்தவர்கள் இவை நான்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததே இல்லை.

மூன்றாவது, பாதுகாப்புக் கண்காணிப்பு மையம். சைபர் தாக்குதல்களுக்கான இந்திய அரசின் அவசர அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணைப்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இதனால் இரவு பகலாகப் பதிவுகளைப் பார்த்து, சந்தேகத்துக்குரியதைப் பிரித்தெடுத்து, உரியவருக்கு உரிய நேரத்தில் தெரிவிக்கும் ஆட்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. ஐஎஸ்ஓ 27001 தரத்தின்படி நிறுவனங்களைத் தணிக்கை செய்யும் பணியும் இதன் உறவு வேலைதான். சரிபார்ப்புப் பட்டியலும் ஆய்வும் படையில் ஊறிய வழக்கங்கள்.

அதிகாரிகளும் மூத்த ஜேசிஓக்களும் திட்ட மேலாண்மை, பேரிடர் கால வணிகத் தொடர்ச்சி, சேவை வழங்கல் மேலாண்மை ஆகியவற்றில் பொருந்துவார்கள். 40 வயதில் மென்பொருள் எழுதும் வேலைக்குப் போவது முடியாதது அல்ல. ஆனால் அங்கே 22 வயதுப் பட்டதாரிகளோடு நேருக்கு நேர் போட்டி. பழைய அனுபவத்துக்குக் கிடைக்கும் மதிப்பும் குறைவு. அக்னிவீரருக்கு அந்தப் பாதையும் திறந்தே இருக்கிறது.

அரசு தரும் உதவி

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள மறுவாழ்வு இயக்குநரகம், படையினர் டிஜிஆர் என்று சொல்வது, ஓய்வுக்கு முன்பே பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. வீரர்களுக்கும் ஜேசிஓக்களுக்கும் கட்டணத்தை இயக்குநரகமே ஏற்கிறது. அதிகாரிகள் 40 சதவீதம் செலுத்தினால் போதும். அதிகாரிகளுக்கு ஐஐஎம்களில் ஆறு மாத மேலாண்மை வகுப்புகள் இருக்கின்றன. மற்ற பதவியினருக்கான பட்டியலில் கணினி, நெட்வொர்க், சைபர் பாதுகாப்பு வகுப்புகளும் உண்டு. வீட்டுக்கு அருகே நடக்கிறது என்பதற்காக ஏதோ ஒரு வகுப்பில் சேர்ந்து அந்த மாதங்களை விடுமுறையாகக் கழிப்பது, திரும்பக் கிடைக்காத வாய்ப்பை வீணாக்குவதாகும். வகுப்பின் முடிவில் கிடைக்கும் சான்றை நிறுவனங்கள் ஏற்கின்றனவா, தொழில் தேர்வு எழுத அது தயார்படுத்துகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துத் தேர்வு செய்ய வேண்டும்.

வேலை தேடித் தர ராணுவத்துக்கு ஏடபிள்யூபிஓ, கடற்படைக்கு ஐஎன்பிஏ, விமானப்படைக்குத் தனி வேலைவாய்ப்புப் பிரிவு என மூன்று அமைப்புகள் உள்ளன. தமிழகத்தில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்வது அடுத்த படி. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் தொடக்க வகுப்புகளும் ஐஐடிகளின் என்பிடெல் பாடங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்று ஓய்வூதியப் பலன்களைக் குறிவைத்து முன்பணம் கேட்கும் இடங்களிலிருந்து விலகி இருப்பதே நல்லது.

சுயவிவரமும் ரகசியமும்

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள பதவிப் பெயர்களும் சுருக்கெழுத்துகளும் மனிதவள அலுவலருக்கு எதையும் சொல்லாது. ‘டிடாச்மென்ட் கமாண்டர்’ என்று எழுதுவதைவிட, எத்தனை பேரை வழிநடத்தினார், எத்தனை இடங்களை இணைக்கும் வலையமைப்பைக் கவனித்தார், கோளாறைச் சரிசெய்ய ஆன நேரத்தை எப்படிக் குறைத்தார் என்று எழுதினால் படிப்பவர் எடை போட முடியும். பதக்கங்களுக்கு ஒரு வரி போதும். விண்ணப்பிக்கும் வேலைக்குத் தேவையான திறமைகள் முதல் அரைப்பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதில் மீறக்கூடாத எல்லை ஒன்று உண்டு. 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் பின்தொடரும். படைப்பிரிவு நிறுத்தப்பட்ட இடம், அதிர்வெண், குறியாக்கக் கருவியின் பெயர், வலையமைப்பின் வரைபடம் எதுவும் சுயவிவரத்திலோ நேர்காணலிலோ இடம்பெறக் கூடாது. வேலை தருவதாகச் சொல்லி இணையத்தில் அணுகும் முன்பின் தெரியாத ‘ஆலோசகர்’ பழைய பணி விவரங்களைத் துருவிக் கேட்டால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது கடமை. நேர்காணலில் ‘அந்த விவரத்தைச் சொல்ல இயலாது, அதே வேலையைச் சிவில் நெட்வொர்க்கில் எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன்’ என்ற பதில், பாதுகாப்புத் துறையில் வேலை தருபவரிடம் மதிப்பைக் கூட்டவே செய்யும்.

சம்பளமும் அலுவலகச் சூழலும்

ஓய்வூதியம் இருப்பதால் குறைந்த சம்பளம் போதும் என்று சிலர் தாமே இறங்கிப் போகிறார்கள். சில நிறுவனங்கள் அதை எதிர்பார்க்கவும் செய்கின்றன. ஓய்வூதியம் என்பது ஏற்கெனவே முடித்த பணிக்கான ஊதியம். தனியார் நிறுவனத்தில் செய்யப்போகும் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே சமயம், புதிய துறையில் முதல் சம்பளம் படையில் கடைசியாக வாங்கியதைவிடக் குறையலாம் என்பதையும் குடும்பம் முன்பே அறிந்திருக்க வேண்டும். மொத்த ஆண்டு ஊதியம் என்று சொல்லப்படும் தொகையில் நிறுவனம் செலுத்தும் வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் அடங்கும். மாதம் கைக்கு வருவது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. ஓய்வூதியரின் குடும்பத்துக்கு இசிஎச்எஸ் மருத்துவத் திட்டம் இருப்பது பெரிய பலம். அதனால் புதிய சிறு நிறுவனத்தில் சேரும் துணிச்சலும் அவருக்கு உண்டு.

அலுவலகத்தில் மேலாளர் பத்து வயது இளையவராக இருக்கலாம். அவரைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்வார்கள். கட்டளை என்று எதுவும் வராது. ‘இதைப் பார்க்க முடியுமா’ என்ற கேள்விதான் வரும், அதுவே கட்டளை. ஒரு திட்டம் தவறு என்று பட்டால் கூட்டத்திலேயே சொல்வது அங்கே எதிர்பார்க்கப்படுகிறது. படையில் பணியிட மாற்றமும் பதவி உயர்வும் தானே தேடி வந்தன. இங்கே செய்த வேலையைத் தானே எடுத்துச் சொல்லி, அடுத்த பொறுப்பைக் கேட்டு வாங்க வேண்டும். இந்தப் பழக்கம் வர ஓர் ஆண்டாவது ஆகும். முதல் மூன்று மாதங்களிலேயே மனம் வெறுத்து விலகுகிறவர்களுக்கு, அதே பாதையில் முன்னால் சென்ற முன்னாள் படைவீரர் ஒருவரின் பேச்சுத்துணை மிகுந்த உதவியாக இருக்கும்.

பிற நாடுகளின் வழிகள்

அமெரிக்கப் படைகளில் தகவல் பாதுகாப்புப் பணியில் இருப்போர் செக்யூரிட்டி பிளஸ் போன்ற சிவில் சான்றிதழ்களைப் பெற்றிருக்க வேண்டும் என்ற நடைமுறை 2005 முதல் உண்டு. ஆகவே படையை விட்டு வரும்போதே நிறுவனங்கள் ஏற்கும் சான்று கையில் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய ஸ்கில்பிரிட்ஜ் திட்டத்தில், பணியின் கடைசி 180 நாட்கள் வரை ராணுவச் சம்பளத்திலேயே சிவில் நிறுவனத்தில் வேலை பழகலாம். இஸ்ரேலில் 8200 என்ற உளவுத் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து வந்த கில் ஷ்வெட், 1993-இல் நண்பர்களோடு தொடங்கிய செக் பாயிண்ட் உலகின் பெரிய சைபர் பாதுகாப்பு நிறுவனங்களில் ஒன்றானது. சிவில் சான்றிதழைப் பணியின் அங்கமாக்குவதும், வெளியேறும் முன்பே நிறுவனத்தில் பழகும் காலம் தருவதும் இந்தியாவும் பெரிய செலவின்றிப் பின்பற்றக்கூடிய ஏற்பாடுகள். ஆயிரக்கணக்கான அக்னிவீரர்கள் வெளியே வரும் இந்த ஆண்டுகளில் அதற்கான தேவை இன்னும் கூடுகிறது.

ஆயத்தத்தின் வரிசை

ஓய்வுக்கு ஐந்தாண்டுகள் இருக்கும்போது பட்டப்படிப்பைத் தொடங்க வேண்டும். மூன்றாண்டுகள் இருக்கும்போது நெட்வொர்க், பாதுகாப்பு, கிளவுட், டேட்டா சென்டர் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து, வீட்டில் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் நிறுவிப் பழக வேண்டும். ஒன்றரை ஆண்டு இருக்கும்போது தொழில் சான்றிதழ் தேர்வு. கடைசி ஆண்டில் டிஜிஆர் வகுப்பு, சுயவிவரம், வேலைவாய்ப்பு அமைப்புகளில் பதிவு. வெளியே வந்ததும் முதல் வேலையைச் சம்பளத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், எதைக் கற்றுத் தரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இரண்டாவது வேலையில் பேரம் பேசும் வலிமை வரும். அக்னிவீரருக்கு இதே வரிசைதான். நான்கு ஆண்டுகளுக்குள் சுருக்கிக்கொள்ள வேண்டும், முதல் ஆண்டிலேயே படிப்பைத் தொடங்கிவிட வேண்டும். விண்ணப்பங்களை வடிகட்டும் நிறுவனங்களும் வயதையும் கல்லூரிப் பெயரையும் தாண்டி, இந்த அனுபவத்தை எடை போடக் கற்றுக்கொண்டால், நாடு பயிற்றுவித்த கைகள் மீண்டும் நாட்டுக்கே பயன்படும்.